கைநழுவிய வீட்டைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று ராத்திரி படித்தேன். இங்கிலாந்தில், கவென்ட்ரியில் 2,80,000 பவுண்டுக்குப் பேசி முடித்த வீடு. சர்வேக்கும் (வீட்டின் நிலையைச் சோதிக்கும் ஆய்வு) சொலிசிட்டருக்கும் (சொத்து வேலை பார்க்கும் வக்கீல்) பணம் கட்டி, மூன்று மாதம் காத்திருந்த பிறகு விற்பவர் மனசு மாறி விலகிவிட்டார். உங்கள் மனைவிக்குச் சரியான தூக்கம் இல்லை. காவேரிப்பட்டணத்தில் அப்பா சொந்தபந்தம் எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டார். “இந்த நாட்டில் வீடே வேண்டாம், ஓசூரில் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு இங்கே வாடகையிலேயே இருந்துவிடலாமா அக்கா? இந்த மன உளைச்சலை நீங்கள் எல்லாம் எப்படித் தாங்கினீர்கள்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிள்ளைகளுக்கு ஆகஸ்ட் லீவு, அதனால் பாலக்கோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன். உட்கார்ந்து நிதானமாக எழுத நேரம் இருக்கிறது. நாட்டிங்காமில் எங்களுக்கென்று ஒரு வீடு அமைவதற்கு முன் எங்கள் கையிலிருந்தும் வீடுகள் போயிருக்கின்றன. அந்த உரிமையில் முதலில் ஒன்று சொல்கிறேன். இந்த வீடு போனதற்கு நீங்கள் காரணம் இல்லை. உங்கள் ஜாதகமும் காரணம் இல்லை, உங்கள் மனைவி ஏஜென்டிடம் ஏதோ அதிகம் கேட்டுவிட்டார் என்பதும் காரணம் இல்லை. அங்கே வீடு விற்கிற முறையே அப்படி.

நம்ம ஊரில் விலை பேசி, அட்வான்ஸ் கை மாறி, அக்ரிமென்ட் எழுதிவிட்டால், அப்புறம் பேச்சு மாறுகிறவரை நாலு பேர் நிற்க வைத்துக் கேட்பார்கள். இங்கிலாந்தில் “உங்கள் ஆஃபரை ஏற்றுக்கொண்டோம்” என்று ஏஜென்ட் சொல்வது வெறும் வாய்ப்பேச்சு. வீடு, நிலம் விற்கும் ஒப்பந்தம் எழுத்திலும் கையெழுத்திலும் இருந்தால்தான் செல்லும் என்பது அங்கே 1989-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு பக்கத்துச் சொலிசிட்டர்களும் கையெழுத்தான பிரதிகளை மாற்றிக்கொள்ளும் நாளைத்தான் எக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். அதுவரை அவரும் விலகலாம், நீங்களும் விலகலாம், யாரும் யாருக்கும் நஷ்டஈடு தர வேண்டியதில்லை. எக்ஸ்சேஞ்ச் அன்று பொதுவாக விலையில் பத்து சதவீதம் டெபாசிட்டாகப் போகிறது. அதற்கு அப்புறம் விலகுகிறவருக்குத்தான் அடி. ஸ்காட்லாந்தில் நடைமுறை வேறு. அங்கே ஒப்பந்தம் இதைவிடச் சீக்கிரம் இருவரையும் கட்டுப்படுத்தும்.

ஆகவே உங்களுக்கு அந்த வீடு ஒரு நாளும் சொந்தமாகவில்லை, தம்பி. சொந்தமானதைப் பறிகொடுத்த துக்கத்தை நீங்கள் இருவரும் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். இதை உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து பேசுங்கள். எங்கள் அப்பா தக்காளி போட்டவர். பாலக்கோட்டு மண்டியில் விலை விழுந்த நாளில் கூடைகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வருவார், ஆனால் தன் விவசாயத்தைக் குறை சொல்லிக்கொள்ள மாட்டார். அது மண்டியின் போக்கு என்று அவருக்குத் தெரியும். இதுவும் அங்கத்திய மார்க்கெட்டின் போக்கு.

எங்கள் மனசை அதிகமாக உடைத்த வீடு ஒரு பழைய செங்கல் வீடு. பின்கட்டில் ஒரு பேரிக்காய் மரம். சமையலறையில் கிரைண்டர் எந்த மூலையில், அம்மா வந்தால் எந்த அறையில் என்பதுவரை முடிவு செய்திருந்தோம். நாங்கள் வாங்கவிருந்தது ஒரு இளம் தம்பதியிடம். அவர்கள் வாங்கவிருந்தது இன்னொரு குடும்பத்திடம். அந்தக் குடும்பம் வாங்கவிருந்தது தனியாக வாழ்ந்த ஒரு பெரியவரிடம். இப்படி ஒன்றோடொன்று கோர்த்து நிற்பதைத்தான் செயின் என்பார்கள். எல்லோரும் ஒரே நாளில் நகர்ந்தால்தான் யாராவது நகர முடியும். அந்தப் பெரியவர் இறந்துபோனார். வாரிசுகள் நீதிமன்ற அனுமதி வாங்கும்வரை அவருடைய வீட்டை விற்க முடியாது, அதற்கு மாதக்கணக்காகும். பள்ளிக்கூட வாசலில் பெரியவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தபோது ஏஜென்ட் போன் செய்து சொன்னார். மழை தூறிக்கொண்டிருந்தது, போனை வைத்த பிறகும் குடையை விரிக்கத் தோன்றவில்லை. அன்று ராத்திரி என் கணவர் சாப்பிடாமல் படுத்தார். யாரைக் குறை சொல்வது? அந்தப் பெரியவரின் பிள்ளைகளுக்கு அன்று எங்களைவிடப் பெரிய துக்கம்.

இன்னொரு வீடு சாதாரணமாகப் போனது. வேறொருவர் கூடுதல் விலை சொன்னார், விற்பவர் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். இதற்குச் சட்டத்தில் தடையே இல்லை. எனக்கு இது அநியாயம் என்றுதான் படுகிறது, இன்றைக்கும்.

இனி நீங்கள் செய்யக்கூடியதற்கு வருகிறேன். அடுத்த வீட்டைப் பார்க்கும்போது சுவரைப் பார்ப்பதற்கு முன் செயினைப் பற்றிக் கேளுங்கள். மேலே எத்தனை பேர், விற்பவர் போக வேண்டிய வீட்டைக் கண்டுபிடித்துவிட்டாரா, ஏன் விற்கிறார். காலியாக இருக்கும் வீடு, செயினே இல்லாத வீடு கிடைத்தால் கொஞ்சம் அழகு குறைந்தாலும் மனசுக்கு நல்லது. ஆஃபரை ஏற்றுக்கொண்டதும் வீட்டை விளம்பரத்திலிருந்து எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

பணத்தை ஒரே மூச்சில் இறக்காதீர்கள். முதலில் சர்வே, அதில் பெரிய கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகே சொலிசிட்டரைத் தேடல்களுக்கு (அந்த வீட்டைப் பற்றிய பதிவுகளை விசாரிப்பது) பணம் கட்டச் சொல்லுங்கள். நகராட்சித் தேடல், தண்ணீர் வடிகால் தேடல், சுற்றுச்சூழல் தேடல் என்று வரிசையாக வரும். கவென்ட்ரி, நாட்டிங்காம் பக்கம் ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய பூமி என்பதால் சுரங்கத் தேடலும் கேட்பார்கள். பழைய வீடு என்றால் லெவல் 3 சர்வே எடுங்கள். சுவர் ஈரம், அடித்தளம் இறங்குவது, கூரை எல்லாம் அதில்தான் விரிவாக வரும். விற்பனை முறிந்தால் சொலிசிட்டரின் உழைப்புக் கூலி வாங்காத ஒப்பந்தங்கள் உண்டு, முறிந்த செலவில் ஒரு பகுதியைத் தரும் இன்ஷூரன்ஸும் உண்டு. அப்படியும் கொஞ்சம் போகத்தான் செய்யும். நாங்கள் டெபாசிட்டுக்குச் சேர்த்த கணக்கிலிருந்து பிரித்து, போனால் போகட்டும் என்று ஒரு தொகையைத் தனியாக வைத்தோம். அதிலிருந்து போகும்போது வலி குறைவாக இருந்தது. எக்ஸ்சேஞ்ச் ஆகும்வரை வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டாம், புதுக் கார் லோன் எடுக்க வேண்டாம்.

சரி, ஓசூருக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்குப் பதறியது இந்த இடம்தான். “மனசைத் தேற்ற ஊர் வீட்டை இப்பவே என் பெயருக்கு எழுதி வைக்கிறேன் என்கிறார் அப்பா” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்பாவை நிறுத்தச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் முதல் வீடு வாங்குகிறவருக்கு 2025 ஏப்ரலிலிருந்து 3,00,000 பவுண்டு வரை ஸ்டாம்ப் டூட்டி கிடையாது (வீட்டின் விலை 5,00,000-ஐத் தாண்டாத வரை). ஆனால் முதல் வீடு என்பதற்கு அங்கத்திய வரித்துறை உலகம் முழுவதையும் பார்க்கிறது. காவேரிப்பட்டணத்து வீடு தானமாக வந்தாலும், வாரிசாக வந்தாலும் உங்களுக்கு அந்தச் சலுகை போய்விடும். அதோடு, உங்கள் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ என்றால், அங்கே வாங்குவது கூடுதல் வீடாகி, முழு விலைக்கும் ஐந்து சதவீதம் மேல்வரி. உங்கள் 2,80,000 பவுண்டு வீட்டுக்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வீடு என்றால் வரி பூஜ்யம். சலுகை இல்லாவிட்டால் 4,000 பவுண்டு. மேல்வரியும் சேர்ந்தால் 18,000. கணவன் மனைவி இருவரையும் ஒன்றாகவே பார்ப்பார்கள் என்பதால் ஓசூர் ஃபிளாட்டை மனைவி பெயரில் வாங்கினாலும் மேல்வரி விடாது. காலி மனையும் விவசாய நிலமும் இந்தக் கணக்கில் வராது, குடியிருக்கும் வீடுதான் வரும். ஆசையாக இருந்தால் ஓசூரில் மனை வாங்கிப் போடுங்கள், கட்டாதீர்கள். இன்னொன்று, வாங்குவதற்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 183 நாளாவது அந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தனியாக இரண்டு சதவீதம். ஊருக்கு நீண்ட லீவில் வருவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள். கையெழுத்துப் போடும் முன் உங்கள் குடும்பச் சொத்து விவரம் முழுவதையும் சொலிசிட்டரிடம் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

அப்பா பணமாக உதவ நினைத்தால் அது வேறு. இந்தியாவில் இருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் பகுதிக்கு வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் காட்டி அதைச் சரிசெய்துகொள்ளலாம். அதைவிடத் தலைவலி, பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. எங்கள் அப்பா நிலம் விற்ற பணத்தில் உதவினார். சொலிசிட்டர் கிரயப் பத்திரம் கேட்டார். தமிழ்ப் பத்திரத்தை மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்து வாங்கி, கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கில் பேனாவால் எழுதிய வரவுகளுக்கு மேனேஜரிடம் கடிதம் வாங்கி அனுப்பினோம். அவர்கள் நம்மைத் திருடன் என்று நினைப்பதாக அப்பாவுக்குக் கோபம் வந்தது. எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் அடுத்த வீடு பார்ப்பதற்கு முன்பே இந்தக் காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள். அவசரத்தில் கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் அப்பாவை அலைய விடாதீர்கள்.

வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி. இந்த மாதிரிச் சமயத்தில் கணவன் மனைவிக்குள் “நீதான் தாமதம் செய்தாய்” என்ற பேச்சு வரும். எங்களுக்குள்ளும் வந்தது. அப்புறம் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஏஜென்டோடு பேசுவது அவர், சொலிசிட்டரின் காகிதங்கள் நான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீடு பார்க்கும் ஆப்பைத் திறப்பதில்லை. ஒரு வீடு முறிந்ததும் கொஞ்ச நாள் எந்த வீட்டையும் பார்க்கப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் களி கிளறி, நண்பர்களைக் கூப்பிட்டு, வீட்டுப் பேச்சே இல்லாமல் இருந்தோம். நீங்களும் இரண்டு மூன்று வாரம் விட்டுப் பிடியுங்கள். மார்ட்கேஜ் ஆஃபர் (வீட்டுக் கடன் தருவதாகச் சொன்னது) அந்த வீட்டுக்கு என்று கொடுத்தது, புது வீட்டுக்கு மறுபடி மதிப்பீடு செய்வார்கள். எப்படியும் திரும்ப நடக்கப் போகிற வேலைதான், ஓடிப்போய்ப் பிடிக்க எதுவும் இல்லை.

உங்கள் மனைவிக்குத் தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் அதை வீட்டுப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்ஸின் மனநலப் பேச்சு சிகிச்சைக்கு ஜிபி (குடும்ப டாக்டர்) கடிதம் இல்லாமல் நேரடியாகவே பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். புது நாட்டில், அம்மா பக்கத்தில் இல்லாமல், வாடகை வீட்டின் நான்கு சுவருக்குள் பகலெல்லாம் தனியாக இருக்கிறவருக்கு இந்த ஏமாற்றம் உங்களைவிட இரட்டிப்பாகத் தெரியும். வேலையிலிருந்து மத்தியானம் ஒரு போன் செய்யுங்கள்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: “அங்கே அட்வான்ஸ் போடுகிற நாளுக்கு முன்னாலேயே அவர் விலகிவிட்டார்ப்பா, நம்ம டெபாசிட் பத்திரமாக இருக்கிறது.” பெரியவர்களுக்கு இது புரியும். அடுத்த தடவை எக்ஸ்சேஞ்ச் முடிந்த பிறகு அவருக்குச் சொன்னால் போதும். சாவி வாங்கும் நாளையும் நாமாகக் குறிக்க முடியாது. செயினில் எல்லோருக்கும் ஒத்துவரும் நாள்தான், அது ஆடியிலும் வரலாம், அஷ்டமியிலும் வரலாம். சாவியை அன்றைக்கு வாங்கிக்கொண்டு, வாடகை வீட்டைச் சில வாரம் கூட வைத்திருந்து, ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். எங்கள் அம்மா அதற்கு ஒப்புக்கொண்டார், உங்கள் அம்மாவும் ஒப்புக்கொள்வார்.

போன வீட்டின் சர்வே ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள், எதை எப்படிப் படிக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன். மாதக் கடைசிவரை பாலக்கோட்டில்தான் இருப்பேன். அதற்குள் அப்பாவுக்கு நேரில் யாராவது விளக்கிச் சொன்னால் நல்லது என்று தோன்றினால் சொல்லுங்கள், காவேரிப்பட்டணம் பக்கம்தானே, ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.