சங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்ட பெண்

மகள் தொல்லியல் படிக்க ஆசைப்படுகிறாளே என்று நீங்கள் கலங்கி வந்த அன்று, அம்மா, பயப்படாதீர்கள் என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கப் போவதாக நீங்கள் சொன்ன பிறகு ஆறுதல் பேச எனக்கு மனமில்லை. வேண்டாம். யோசனை சொல்கிற உங்கள் அண்ணனா வட்டி கட்டப் போகிறார்?

உங்கள் மகள் என்னிடம் பேசியதெல்லாம் விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை அகழாய்வைப் பற்றித்தான். அங்கே கிடைத்த சங்கு வளையல்களைப் பார்த்துவிட்டு, "கடல் இவ்வளவு தள்ளியிருக்கே சார், சங்கை யார் கொண்டுவந்தாங்க, யார் அறுத்தாங்க?" என்று கேட்டாள். வைப்பாற்றங்கரை ஊர் ஒன்று கைத்தொழிலும் வணிகமுமாக எப்படி வளர்ந்தது என்பதல்லவா அந்தக் கேள்வி! கீழடியில் சாதாரணப் பானை ஓட்டில் 'ஆதன்' என்று பெயர் கீறியிருக்கிறார்கள். எழுத்து அடுப்படி வரைக்கும் வந்துவிட்ட காலம் அது. இப்படி ஒரு சமூகம் மாறிய கதையை மண்ணிலிருந்து படிப்பதுதான் தொல்லியல்.

வழி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு, அப்புறம் முதுகலை. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியலுக்குத் தனித் துறையே உண்டு. அதன் பிறகு, மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் 2 ஆண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தேர்வானால் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும். அகழாய்வுக் குழியில் மண் நிறம் மாறும் இடத்தில் மண்ணடுக்கைப் பிரிப்பது, ஒவ்வொரு பானை ஓடும் கிடைத்த ஆழத்தைக் குறிப்பது, தமிழி, வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்துகளை வாசிப்பது, ஈரத்தாளைக் கல்வெட்டில் ஒட்டித் தட்டி மை ஒற்றிப் படியெடுப்பது எல்லாம் இந்தத் துறையின் அன்றாட வேலை. வெயிலில் நிற்க வேண்டும். அவள் நிற்பாள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நிரந்தர அரசுப் பணியிடங்கள் குறைவு, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புக்குக் காத்திருக்க நேரும். அதனால் பி.எட்.டும் முடித்து வைக்கட்டும். வரலாற்று ஆசிரியர் வேலைக்கு அது வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கட்டணமோ சில ஆயிரம்தான். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

அடுத்த முறை அவளையும் கூட்டி வாருங்கள். விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவளே நிரப்பட்டும். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.