ஜாக்கி ஷேன், பாடகி – ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

கறுப்பின இசைக்கலைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் நினைவுக்குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அறுபதுகளில் கனடாவின் டொரொண்டோவில் பாடிய ஜாக்கி ஷேன் பற்றிய குறிப்பைப் படித்த அன்றிரவே அவர் பாட்டுகளைத் தேடிக் கேட்டேன். அசந்துபோனேன். அறுபதுகளின் மேற்கத்திய இசைத்தட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கும் என் மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் இரண்டு விஷயம் சொன்னார். ‘எனி அதர் வே’ ஷேனின் சொந்தப் பாட்டு அல்ல, வில்லியம் பெல் எழுதிப் பாடியது என்றார். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் ஷேனை ஆண் என்றுதான் எழுதின என்றார்.

அப்படியிருக்க, நீங்கள் ‘பாடகி’ என்று எழுதுவது இன்றைய அரசியலை அன்றைய மனிதர் மேல் ஏற்றுவது ஆகாதா? திருநர் உரிமைகளுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இறந்துபோன ஒருவரைப் பற்றி எழுதும்போது பாட்டு மட்டும் போதாதா? அவர் கொடி பிடித்ததாகவோ ஊர்வலம் போனதாகவோ நீங்களும் எழுதவில்லையே, பிறகு எதற்கு உரிமைப் பேச்சு? மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எஸ்., திருச்சி

*

அன்புள்ள எஸ்.,

தவறாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பாட்டைக் கேட்டுவிட்டு வந்து கேட்கிறீர்கள், எனக்கு அதுவே சந்தோஷம். மாமா சொன்னதில் ஒன்று முழுக்கச் சரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

‘பாடகி’ என்ற சொல்லை நான் என் விருப்பத்துக்குப் போடவில்லை. 2017ல் நியூமெரோ என்ற இசைத்தட்டு நிறுவனம் ஜாக்கி ஷேனின் பழைய பதிவுகளைத் திரட்டி ஒரு தொகுப்பாக வெளியிட்டது. 1971ல் மேடையைவிட்டு விலகியவர் அப்போதுதான், 46 ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவின் நாஷ்வில்லில் இருந்த தன் வீட்டிலிருந்து தொலைபேசி வழியாகப் பத்திரிகைகளிடம் பேசினார். பதின்மூன்று வயதிலேயே தன்னைப் பெண்ணாக உணர்ந்ததாகச் சொன்னார். தன் அம்மா தன்னை அப்படியே ஏற்றுக்கொண்டதையும் மறக்காமல் சொன்னார். இவ்வளவையும் அவர் வாயால் சொல்லக் கேட்ட பிறகு, 1963ல் ஒரு நிருபர் என்ன எழுதினார் என்பதை நான் எதற்காகப் பார்க்க வேண்டும்?

அந்த நிருபர் எழுதியது எந்தக் காலம் என்றும் பாருங்கள். கனடாவில் ஒருபால் உறவு 1969 வரை குற்றம். திருநர் என்று ஒருவரைக் குறிக்க நாளிதழ்களில் மரியாதையான சொல்லே புழங்காத நாட்கள். அந்த நாட்களில் டொரொண்டோவின் யங் தெருப் பக்கத்து மதுக்கூடங்களில், முகப்பூச்சும் பளபளக்கும் உடையுமாக, கறுப்பினப் பெண் ஒருவர் நின்று பாடினார். ஃபிராங்க் மோட்லி என்பவரின் குழு அவருக்கு வாசித்தது. மோட்லி இரண்டு டிரம்பெட்டுகளை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுகிறவர். 1963ல் டொரொண்டோவின் ‘சம்’ வானொலியின் பிரபலப் பாட்டுகள் பட்டியலில் ‘எனி அதர் வே’ இரண்டாம் இடம்வரை போனது.

அந்தப் பாட்டில் ஒரு சொல் வருகிறது, ‘கே’. பழைய காதலியிடம் போய்ச் சொல், நான் சந்தோஷமாக இருக்கிறேன், குதூகலமாக இருக்கிறேன் என்று தூது அனுப்புகிற பாட்டு. அந்தக் குதூகலத்துக்கான சொல்தான் ‘கே’. வில்லியம் பெல் பாடும்போது அதற்கு ஒரே அர்த்தம். ஜாக்கி ஷேன் அதையே பாடும்போது, மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்த சிலருக்கு மட்டும் ஒருபால் ஈர்ப்பு என்ற இன்னொரு அர்த்தமும் போய்ச் சேர்ந்தது. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இதைச் செய்தார். வானொலிக்காரர்கள் நாள் முழுக்க ஒலிபரப்பினார்கள்.

பாட்டு போதாதா என்கிறீர்கள். பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1967ல் டொரொண்டோவின் சஃபையர் டாவர்னில் பதிவான அவருடைய நேரலைத் தட்டில் ‘மணி’ என்ற பாட்டு இருக்கிறது. பலரும் பாடிய பாட்டுதான். ஆனால் ஷேன் நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பிக்கிறார். பின்னால் வாத்தியக்காரர்கள் அதே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப மெதுவாக வாசித்துக்கொண்டே இருக்கிறார்கள். யங் தெருவில் நான் நடந்துபோனால் சிலர் என்னை விரல் நீட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள், காதோடு காது பேசிக்கொள்கிறார்கள் என்கிறார். அதற்கெல்லாம் நான் கவலைப்படுவதில்லை, பார்க்க நான் அழகாகத்தான் இருக்கிறேன், திங்கட்கிழமை காலையானால் சிரித்துக்கொண்டே வங்கிக்குப் போகிறேன் என்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அடுத்தவர் மேல் உன் விருப்பத்தைத் திணிக்காதவரை உன் வாழ்க்கையை நீ வாழ்ந்துகொள், இங்கே யாரும் புனிதர் இல்லை என்கிறார். பிறகு விட்ட இடத்தில் பாட்டைப் பிடிக்கிறார். இதில் எதுவரை பாட்டு, எங்கே உரிமை ஆரம்பிக்கிறது என்று உங்களால் பிரித்துக் காட்ட முடியுமா? எத்தனையோ முறை கேட்டும் என்னால் முடியவில்லை.

கொடி பிடிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பிரபலமான ஒரு தொலைக்காட்சி இசை நிகழ்ச்சி, கறுப்பின இளைஞர்களை ஒதுக்கிவைக்கிறது என்பதால் அதற்குப் போக மறுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். எட் சல்லிவன் நிகழ்ச்சிக்கு முகப்பூச்சு இல்லாமல் வரச் சொன்னார்கள், அதையும் மறுத்தேன் என்றார். அந்த நாளில் அமெரிக்கா முழுக்க ஒருவரைத் தெரியவைக்கிற மேடை அது. வேண்டாம் என்று சொல்ல என்ன விலை கொடுத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இன்று அவர் பாடுவதைக் கண்ணால் பார்க்க நமக்குக் கிடைப்பது 1965ல் நாஷ்வில்லின் உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்றில் பதிவான ஒரே ஒரு கறுப்பு வெள்ளைத் துண்டு. முகப்பூச்சோடுதான் பாடுகிறார்.

‘அவர்’ என்று எழுதிவிட்டால் தமிழில் இந்தச் சிக்கலே வராதே என்று நண்பர் ஒருவரும் என்னிடம் கேட்டார். நானும் பல இடத்தில் ‘அவர்’ என்றுதான் எழுதுகிறேன், நம் மொழி தந்திருக்கும் மரியாதை அது. ஆனால் பாடகரா பாடகியா, நடிகரா நடிகையா என்று வரும் இடத்தில் தமிழும் நம்மைத் தேர்ந்தெடுக்க வைத்துவிடுகிறது. அங்கே நான் பிடித்துக்கொள்வது சம்பந்தப்பட்டவரின் சொந்தச் சொல்லை.

அதனால் எல்லோரையும் திருநர் என்று எழுதிவிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சில்வெஸ்டரைக் கேட்டிருப்பீர்கள், 1978ல் ‘மைட்டி ரியல்’ பாட்டால் உலகத்தையே ஆடவைத்தவர். லாஸ் ஏஞ்சல்ஸில் தேவாலயத்தில் பாடி வளர்ந்து, சான் ஃபிரான்சிஸ்கோவில் பட்டும் சரிகையும் மணிமாலையுமாக மேடையேறியவர். தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் அவரைப் பெண்வேடக் கலைஞர் என்ற வகையில் அடைத்தபோது, அதெல்லாம் இல்லை, நான் சில்வெஸ்டர் என்றார். ஆகவே அவர் எனக்குச் சில்வெஸ்டர்தான். எய்ட்ஸ் முற்றிய நிலையில், 1988ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பால்புதுமையினரின் பெருமித ஊர்வலத்தில் சக்கர நாற்காலியில் வந்தார். அந்த டிசம்பரில் இறந்தார். தன் பாட்டுகளின் உரிமைத்தொகையை எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் இரண்டு அமைப்புகளுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

வில்மர் பிராட்னாக்ஸின் கதை வேறு. கறுப்பினத் தேவாலய இசையில் ‘லிட்டில் ஆக்ஸ்’ என்றால் தெரியாதவர்கள் இல்லை. குள்ளமான மனிதர், ஆனால் உச்சஸ்தாயியில் குரல் நின்று எரியும். ஸ்பிரிட் ஆஃப் மெம்ஃபிஸ் குழுவில் பாடினார், பிறகு மிசிசிப்பியின் ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் குழுவிலும் பாடினார். வாழ்நாள் முழுக்க ஆணாக வாழ்ந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் கொலையுண்டபோது, பிணப் பரிசோதனை மேசையில்தான் அவர் பிறப்பால் பெண் உடலோடு இருந்தவர் என்பது வெளியே தெரிந்தது. ஐம்பது ஆண்டுப் பாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்த மேசைதான் பலருக்குச் செய்தியானது. என் குறிப்பில் அவர் பாடகர். ஜாக்கி ஷேன் பாடகி. இரண்டுக்கும் ஒரே காரணம்தான்.

திருநர்களுக்காகப் போராடிய மார்ஷா பி. ஜான்சனையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1970ல் சில்வியா ரிவேராவோடு சேர்ந்து, நியூயார்க் தெருக்களில் படுத்துறங்கிய திருநர் பிள்ளைகளுக்கு ஒரு அமைப்பையும் தங்க ஒரு இடத்தையும் உண்டாக்கியவர். 1992 ஜூலையில் அவர் உடல் ஹட்சன் ஆற்றில் கிடந்தது. தற்கொலை என்று போலீஸ் சட்டென்று முடித்துவிட்டது. தோழர்கள் விடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2012ல், வழக்கு மறுபடி திறக்கப்பட்டது.

இதையெல்லாம் நான் இப்படிப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்கு எங்கள் ஊரிலும் ஒரு காரணம் இருக்கிறது. நான் கல்லூரி முடித்த வருடம் நடந்தது. முளைப்பாரித் திருவிழாவுக்கு எங்கள் தெருவில் கும்மிப்பாட்டு எடுத்துக்கொடுக்க ஒரு அக்கா வருவார். திருநங்கை. முதல் அடியை அவர் பாட, பெண்கள் சுற்றி வந்து வாங்கிப் பாடுவார்கள். குரல் கம்மினால் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையிலிருந்து ஒரு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். அவர் நோயில் விழுந்து இறந்ததும், பல வருடம் எட்டிப் பார்க்காத உடன்பிறந்தவர்கள் வந்து உடலை வாங்கிப் போனார்கள். முடியை வெட்டி, வேட்டி கட்டிப் புதைத்தார்கள். கடைவீதியில் ‘கண்ணீர் அஞ்சலி’ தட்டி வைத்தார்கள். அதில் அவர் எப்போதோ விட்டுவிட்ட பழைய பெயர், மீசை அரும்பிய வயதில் எடுத்த படம். அவரோடு கும்மியடித்த பெண்கள் அந்தத் தட்டியைத் தாண்டித்தான் ரேஷன் கடைக்குப் போனார்கள். யாரோ செத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். அவர்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விஷயம் தெரிந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

பெயரை மாற்றிப் போட்டதால் என்ன குறைந்துவிட்டது என்று யாராவது கேட்டால் அந்தத் தட்டிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அழ வேண்டியவர்கள் அழ முடியாமல் போனார்கள்.

ஜாக்கி ஷேனுக்கும் ஏறக்குறைய இது நடக்கப் பார்த்தது. தொண்ணூறுகளிலேயே யாரோ அவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள் என்று டொரொண்டோ இசை வட்டாரத்தில் வதந்தி இருந்தது. ஒரு திருநர் காணாமல் போனால் கொலைதான் நடந்திருக்கும் என்று ஊர் நம்பிவிடுகிறது பாருங்கள். உண்மையில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சொந்த ஊரான நாஷ்வில்லுக்குத் திரும்பினார். 2017 தொகுப்பு கிராமி விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. விருது விழா முடிந்து இரண்டு வாரத்துக்குள், 2019 பிப்ரவரியில், 78 வயதில் வீட்டில் இறந்துகிடந்தார். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைத் தானே சொல்லிவிட்டுப் போக அவருக்கு ஓர் ஒன்றரை வருடம் கிடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

உரிமைப் பேச்சு எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு அவர் பிறந்த டென்னசி மாநிலத்தையே பதிலாகச் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பாலினத்தைத் திருத்திக்கொள்ள அங்கே 1977 முதல் சட்டம் இடம் தருவதில்லை. 2023 மார்ச்சில், பொதுவெளிக் கலை நிகழ்ச்சிகள் சிலவற்றைத் தடுக்கும் சட்டம் ஒன்று வந்தது, அதன் வரையறைக்குள் ‘ஆண்வேடம், பெண்வேடம் போடுவோர்’ என்ற சொற்களையும் சேர்த்திருந்தார்கள். சிறுவர்களுக்குக் கேடான நிகழ்ச்சிகளைத்தான் தடுக்கிறோம் என்றார்கள். எது கேடு என்று முடிவுசெய்யும் கையில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு நீதிபதி அதே ஜூனில் அது அரசமைப்புக்கு விரோதம் என்றார், அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பதினெட்டு வயதுக்குட்பட்ட திருநர்களுக்குப் பாலின மாற்றம் சார்ந்த மருத்துவத்தைத் தடுக்கும் டென்னசி சட்டம் செல்லும் என்று 2025 ஜூன் 18 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நாஷ்வில்லில் தன்னைப் பெண்ணாக உணர்கிற ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை இன்றும் இருக்கும். அந்தப் பிள்ளை ஜாக்கி ஷேனைத் தேடிப் படிக்கும்போது, அங்கே ‘பாடகர்’ என்று இருந்தால் என்ன நினைக்கும்?

இனி மாமா சொன்ன முதல் விஷயம். அவர் சொன்னது சரி, பிழை என்னுடையது. ‘எனி அதர் வே’ வில்லியம் பெல் எழுதி, 1962ல் அவரே பாடியது. ஷேனின் சொந்தப் பாட்டு போலத் தொனிக்கும்படி எழுதிவிட்டேன். பெல்லின் பெயரைச் சேர்த்துக் குறிப்பைத் திருத்திவிட்டேன். ‘பாடகி’ அப்படியே இருக்கிறது.

மாமாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். 1967 நேரலைத் தட்டின் முதல் பதிப்பு அவரிடம் இருக்கிறதா? இருந்தால் முன்னட்டை பின்னட்டை இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த முறை திருச்சிப் பக்கம் வந்தால் அதை அவரோடு உட்கார்ந்து கேட்க ஆசை.

அன்புடன்
அக்கா