ஊதா மோகம்: கல்லும் சாறியும், கேட்டவர்களுக்குப் பதில்

கொழும்பில் இரத்தினக்கல் சோதிக்கிற வேலையில் இருப்பதால் என்னிடம் கல் பற்றிய கேள்விகள் எப்போதும் வரும். இப்போது வருகிறவை பெரும்பாலும் ஊதாவைப் பற்றியவை. வெள்ளவத்தையில் சாறிக் கடைகளின் கண்ணாடியைப் பார்த்தாலே காரணம் விளங்கும். சேர்ந்திருந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

தெஹிவளையிலிருந்து ஒரு மாணவி: அக்கா, ஊதா ஏன் திடீரென்று எங்கு பார்த்தாலும்?

பதில்: திடீரென்று இல்லை தங்கச்சி, இது போய்ப் போய் வருகிற நிறம். வருடா வருடம் ஒரு நிறத்தைத் தெரிவு செய்கிற பான்டோன் நிறுவனம் 2014இல் ரேடியன்ட் ஆர்க்கிட், 2018இல் அல்ட்ரா வயலட், 2022இல் வெரி பெரி என்று ஊதா வகைகளைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது. முற்காலத்தில் கடல் நத்தையிலிருந்து துளித் துளியாக எடுத்த சாயம் என்பதால் ஊதா உடுப்பு அரச குடும்பங்களுக்கே கட்டுப்படியானது. 1856இல் லண்டனில் வில்லியம் பெர்க்கின் என்ற 18 வயதுப் பையன், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தான். அப்புறம் எல்லோருக்கும் கிடைத்தது. ஆகவே ஊதாச் சாயம் ஏற்றியதால் விலை கூட என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து: நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஊதாக் கல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். அமெதிஸ்டா, சஃபையரா? கழற்றாமல் போடுவேன்.

பதில்: கழற்றாமல் போடுவீர்கள் என்றால் சஃபையர், அதாவது நீலக்கல் இனம், ஊதாவிலும் வரும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

அமெதிஸ்ட், அதாவது செவ்வந்திக்கல், குவார்ட்ஸ் இனம். கீறலைத் தாங்கும் திறனை 1 முதல் 10 வரை சொல்கிற மோஸ் அளவில் அதன் கடினம் 7. நம் வீட்டுத் தூசியிலும் நுண்ணிய குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. அதனால் தூசி படிந்த கல்லைத் துணியால் துடைத்துத் துடைத்தே வருடக் கணக்கில் அதன் விளிம்புகள் மழுங்கிவிடும். தோட்டுக்கும் பதக்கத்துக்கும் அமெதிஸ்ட் அருமையான கல், தினசரி மோதிரத்துக்கு இல்லை. சஃபையரின் கடினம் 9, தூசி அதை ஒன்றும் செய்யாது. நடுவில் ஸ்பினல் என்ற இன்னொரு இரத்தினக்கல் இருக்கிறது, கடினம் 8. இலங்கை ஸ்பினலில் இளம் ஊதாவும் சாம்பல் கலந்த ஊதாவும் வரும். நிறத்தை மாற்ற அதைப் பெரும்பாலும் யாரும் சூடாக்குவதில்லை. கையிருப்புக்குச் சஃபையர் எட்டாவிட்டால் நான் ஸ்பினலைத்தான் காட்டுவேன். யாரும் கேட்டு வாங்காத கல் என்பது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

தான்சனைட்டையும் யாராவது காட்டுவார்கள். 1967இல் தான்சானியாவில் கிடைக்கத் தொடங்கிய கல், நீலமும் ஊதாவுமாகக் கண்ணைப் பறிக்கும். ஆனால் அமெதிஸ்டைவிட மென்மை. ஒரு தட்டுத் தட்டினால் பிளந்துவிடவும் கூடும். மோதிரத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று. ஒரே காரட் எடையில் அமெதிஸ்ட் பெரிதாகவும் சஃபையர் சிறிதாகவும் தெரியும். சஃபையரின் அடர்த்தி ஏறத்தாழ 4, அமெதிஸ்டுக்கு 2.65. ஆகவே எடையை மட்டும் கேட்டு இரண்டையும் ஒப்பிடாதீர்கள், மில்லிமீற்றர் அளவையும் கேளுங்கள்.

அவரே மறுபடி: செட்டியார் தெருவில் பார்த்த ஊதா சஃபையர், வீட்டுக்கு வந்து படத்தில் பார்த்தால் நீலமாக இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: கடை விளக்குதான் காரணமாக இருக்கும். மஞ்சள் வெளிச்சம் ஊதாவில் உள்ள சிவப்பைத் தூக்கிக் காட்டும், வெள்ளை எல்ஈடி நீலத்தைத் தூக்கிக் காட்டும். கல்லைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள், அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்?

சூடாக்கிய கல்லா என்றும் கேளுங்கள். ஊதா சஃபையரைச் சூடாக்கினால் நீலச் சாயல் குறைந்து இளஞ்சிவப்புப் பக்கம் போகும். அதனால் இளஞ்சிவப்புக்கு நல்ல விலை இருக்கும்போது ஊதாவைச் சூட்டில் வைத்துவிடுகிற வழக்கம் உண்டு. ஊதாவாகவே விட்ட நல்ல கல்லுக்கு, சூடாக்கியதற்கான அறிகுறி இல்லை என்று சோதனை அறிக்கையும் இருந்தால், கொடுக்கிற காசு வீண்போகாது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு ஐயா: அம்மாவின் பழைய மோதிரக் கல் பகலில் நீலம், இரவில் ஊதா. அலெக்சாண்டரைட் என்று அம்மா சொல்லுவா. பெறுமதி எவ்வளவு இருக்கும்?

பதில்: ஐயா, இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உண்மையான அலெக்சாண்டரைட் பகலில் பச்சை அல்லது நீலப்பச்சை, குமிழ் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு. பச்சையே தெரியாமல், சாம்பல் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறுகிற கல் என்றால் பெரும்பாலும் வனேடியம் என்ற உலோகம் சேர்த்து ஆய்வுகூடத்தில் செய்த செயற்கைச் சஃபையர். பல நாடுகளில் அதை அலெக்சாண்டரைட் என்ற பெயரில் விற்றிருக்கிறார்கள், நம்மவர்களும் வெளிநாட்டுப் பயணங்களில் நம்பி வாங்கி வந்திருக்கிறார்கள். கல்லாக அதற்குப் பெரிய விலை இல்லை.

ஆனால் அவசரப்பட்டு அப்படியே முடிவு கட்ட வேண்டாம். பகலில் நீலமாகவும் மஞ்சள் வெளிச்சத்தில் ஊதாவாகவும் தெரிகிற இயற்கைச் சஃபையர் நம் இரத்தினபுரி, எலஹெர பக்கத்தில் கிடைக்கிறது. அது நல்ல விலைக் கல். இரண்டையும் வெறுங்கண்ணால் பிரிப்பது கடினம். நுண்நோக்கியில் பார்த்தால் செயற்கைக் கல்லுக்குள் வளைந்த கோடுகள் தெரியும், இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராக, கோணமாக இருக்கும். சோதிக்காமல் விற்கவும் வேண்டாம், தூக்கிப் போடவும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: தவக்காலத்தில் ஊதாச் சாறி உடுத்தி ஒரு விருந்துக்குப் போகலாமா?

பதில்: கல்லுக்காரியிடம் கேட்கிற கேள்வியா இது! தவக்கால ஊதா பீடத்துணிக்கும் குருவானவரின் திருவுடைக்கும் உரியது. நம் உடுப்புக்கு அப்படி ஒரு விதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆயர்மாரின் மோதிரத்தில் அமெதிஸ்ட் பதிப்பது பழைய மரபு என்பது மட்டும் என் பக்கத்துச் செய்தி.

வத்தளையிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு சனி சரியில்லை, நீலக்கல் விலை அதிகம், அமெதிஸ்ட் போடலாம் என்கிறார் சாத்திரியார்.

பதில்: நீலத்துக்கு மாற்றாக அதைச் சொல்கிற வழக்கம் உண்டு அம்மா. பலனைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். விலையைப் பற்றிச் சொல்கிறேன். பிரேசில், உருகுவே, சாம்பியா என்று பல நாடுகளிலிருந்து அமெதிஸ்ட் தாராளமாக வருகிறது, ஆகவே சஃபையர் கணக்கில் யாராவது விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இயற்கைக் கல்தான் வேண்டும் என்றால் கவனம் கூடத் தேவை. செயற்கை அமெதிஸ்ட் சந்தையில் நிறைய உண்டு, அதைப் பிரித்தறியும் செலவு சில நேரம் கல்லின் விலையையே தாண்டும்.

கல்கிசையிலிருந்து: என் அமெதிஸ்ட் தோடு வெளிறிய மாதிரி இருக்கிறது. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. கல்லில் உள்ள இரும்பும் பூமிக்குள் பட்ட இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்து வந்த நிறம் அது. கடும் வெயிலில் நெடுங்காலம் கிடந்தால் மங்கும். அதிகம் சூடாக்கினால் மஞ்சளாகவே மாறும், சந்தையில் விற்கிற சிட்ரின் என்ற மஞ்சள் குவார்ட்ஸ் நிறைய அப்படி வந்ததுதான். ஆகவே ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். பத்தர் நெருப்புக் காட்டி ஒட்டுவதாக இருந்தால் முதலில் கல்லைக் கழற்றச் சொல்லுங்கள். கழுவ வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், மென்மையான தூரிகை போதும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மணப்பெண்: வரவேற்புக்குக் கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் எடுத்துவிட்டேன். ஊதாக் கல் செட் போடவா?

பதில்: வேண்டாம். சாறியும் கல்லும் ஒரே ஊதாவானால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவருக்குக் கல்லே தெரியாது. கத்தரிப்பூ நிறத்தின் மேல் 22 காரட் மஞ்சள் தங்கம் தானே எடுப்பாக நிற்கும், கூட முத்தோ பச்சைக் கல்லோ போதும். ஊதாக் கல்லை விடவே மனமில்லை என்றால் சாறியைவிட நன்றாக வெளிறிய லாவண்டர் நிறத்தில் தோடு மட்டும் போடுங்கள். கடும் ஊதாக் கல்லுக்கு ஏற்றது வெண்பட்டு.

மருதானையிலிருந்து: ஊதாத் தங்கம் என்று இணையத்தில் காட்டுகிறார்களே, பூச்சா?

பதில்: பூச்சு இல்லை. தங்கத்தோடு அலுமினியம் சேர்ந்த கலவை, தங்கம் ஏறத்தாழ 79 சதவீதம். ஆனால் எளிதில் நொறுங்கும், சங்கிலியாக இழுக்க முடியாது. கல் மாதிரிப் பட்டை தீட்டிப் பதிக்கத்தான் சரிவரும். ஊதாத் தங்கச் சங்கிலி என்று விற்றால் அது வேறு ஏதோ.

பம்பலப்பிட்டி ஐயா மறுபடி: அம்மாவின் மோதிரத்தை எங்கே காட்டுவது? கல்லைக் கழற்ற வேண்டுமா?

பதில்: கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் சோதனைக்கூடம் இருக்கிறது, தனியார் கூடங்களும் உண்டு. கடைக்காரர் எழுதித் தருகிற துண்டைச் சோதனை அறிக்கையாக எடுக்க முடியாது. மோதிரத்தோடே கல்லைப் பார்க்கலாம், ஆனால் சரியான எடை எடுக்க முடியாது, பின்புறம் மூடிய கட்டு என்றால் உள்ளே பார்ப்பதும் சிரமம். முதலில் மோதிரமாகவே காட்டுங்கள். இயற்கைக் கல் என்று வந்தால் அதன் பிறகு கழற்றி முழு அறிக்கை எடுக்கலாம்.