பிளாங்கோ டெக்கீலாவின் தரத்தை அறிவது எப்படி?

கேள்வி: ஐயா, இங்குள்ள கடையில் மற்றவற்றைவிட விலை குறைந்த பிளாங்கோ டெக்கீலா ஒன்றை வாங்கினேன். பாரம்பரிய முறையில் வடித்தது என்றார் கடைக்காரர். உப்பும் எலுமிச்சையும் சேர்த்து ஒரே மடக்கில் குடித்துத்தான் எனக்குப் பழக்கம். இதன் தரத்தை எப்படி அறிவது?
– வாசகர், தோ பாயோ

பதில்: உப்பையும் எலுமிச்சையையும் முதலில் ஒதுக்கி வையுங்கள், மதுவின் குறையை மட்டுமல்ல, நிறையையும் அவை மறைத்துவிடும். பிளாங்கோ என்பது பெரும்பாலும் மரப் பீப்பாயையே காணாத, நிறமற்ற டெக்கீலா என்பதால், வேகவைத்ததிலோ புளிக்கவைத்ததிலோ நேர்ந்த பிழையை மூடி மறைக்க அதில் மரத்தின் மணம் இல்லை. ஒரு வடிசாலையின் கைத்திறனை அறிய நான் முதலில் சுவைப்பது அதன் பிளாங்கோவைத்தான்.

சிங்கப்பூரில் ‘மலிவு’ என்பதையும் கணக்கிட்டே பேச வேண்டும். லிட்டர் தூய மதுசாரத்துக்கு 88 வெள்ளி தீர்வை என்பதால், 40 விழுக்காடு வலிமையுள்ள 700 மில்லிலிட்டர் புட்டியில் 24 வெள்ளி 64 காசு தீர்வைக்கே போய்விடுகிறது. பொருள் சேவை வரி தனி.

டெக்கீலாவின் மூலப்பொருள் அகாவே என்ற மெக்சிகோச் செடி. ஒட்டுச்சீட்டில் ‘100 விழுக்காடு அகாவே’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், 49 விழுக்காடு வரை வேறு சர்க்கரை சேர்ந்திருக்கலாம். தமிழ்நாட்டு வேலியோர ஆனைக்கற்றாழைக்கு உறவான நீல அகாவேயின் நடுத்தண்டைச் செங்கல் அடுப்பில் நாள்கணக்கில் நிதானமாக வேகவைத்து, பிறகு நசுக்கிச் சாறெடுப்பதே பழைய முறை.

அந்த வெந்த அகாவேயின் மணத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும். நம் ஊர் வெக்கையில் மதுசாரம் மூக்கைத் தாக்கும் என்பதால், குளிரூட்டிய அறையில், வாய் குறுகிய வைன் குவளையில் சிறிதளவு ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு முகருங்கள். பனிக்கட்டி வேண்டாம், அது மணத்தை அடக்கிவிடும். சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கை நினைவூட்டும் இனிப்பும், அதன் பின்னால் மிளகும், எலுமிச்சைத் தோலும், ஈரமண்ணும் ஒவ்வொன்றாக எழுந்தால், குறைந்த விலைக்கு நல்ல மது கிடைத்திருக்கிறது என்று மகிழலாம். மாறாக, வனிலாவும் கேக்கும் மணத்தால் எனக்கு ஐயம் எழும். பீப்பாயில் ஊறாத மதுவுக்கு அந்த மணம் எங்கிருந்து வந்தது, வெளியிலிருந்து சேர்த்ததோ?

பிறகு ஒரு சிறு மிடறை நாக்கு முழுதும் பரவவிட்டு விழுங்குங்கள். மிளகுக் காரம் இருக்கலாம், தொண்டையைச் சுரண்டும் எரிச்சல் கூடாது. குவளையை அன்றிரவு கழுவாமல் வைத்து மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். நன்கு செய்த பிளாங்கோ என்றால் வெந்த அகாவேயின் மணம் அப்போதும் அதில் தங்கியிருக்கும்.