பெண்களுக்குக் கட்டுப்பாடு அதிகமுள்ள நாட்டைப் பற்றிய அரபுப் படத்தை அம்மாவோடு பார்க்கலாமா? அவருக்குப் புரியுமா?

தாராளமாகப் பாருங்கள். உங்கள் அம்மாவுக்கும் சப்டைட்டில் படிக்க வராது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். என் அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும்.

பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டில் போன பொங்கல் லீவில் 'வஜ்தா' போட்டேன். 2012இல் வந்த சவுதிப் படம். எடுத்தவர் ஹைஃபா அல் மன்சூர் என்ற பெண். தெருவில் ஆண்களோடு நின்று வேலை வாங்க முடியாததால், வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் பேசியே பல காட்சிகளை எடுத்தாராம். ரியாத்தில் பத்து வயதுப் பெண்ணுக்குப் பச்சை சைக்கிள் மேல் ஆசை, விலை 800 ரியால். அவ்வளவுதான் கதை.

நான் வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா, "நீ சும்மா இரு புள்ள, எனக்கே வெளங்குது" என்றார். படத்தில் அந்தப் பெண்ணின் வீட்டுச் சுவரில் வம்சாவளிப் படம், எல்லாம் ஆண்கள் பெயர். அந்தப் பெண் தன் பெயரைச் சீட்டில் எழுதி அதில் குத்தி வைக்கிறாள். அப்புறம் பார்த்தால் சீட்டு கசங்கிக் கிடக்கிறது. அம்மா உச்சுக் கொட்டினார். ஆண் பிள்ளைக்காக அவள் அப்பா இன்னொரு கல்யாணத்துக்குக் கிளம்பியதும், "இது நம்மூரு கததான்" என்றார்.

உடனே ஒரு மதத்தைக் குத்துகிறேன் என்று கிளம்பி வராதீர்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்கு இங்கே வந்தது என்று தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சவுதியில் 2018இல் பெண்கள் காரே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு 2009இல், பிளஸ் ஒன்னில், இலவச சைக்கிள் கிடைத்தது. எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பெரியப்பாதான், "வயசுக்கு வந்த புள்ள ரோட்ல மிதிச்சிக்கிட்டுப் போவுமா?" என்றார். தம்பி அதில் தக்காளிக் கூடை கட்டி மண்டிக்குப் போனான்.

நான் டவுன் பஸ்ஸுக்கு நின்றேன்.

சரி, படத்துக்கு வருகிறேன். கடைசியில் சைக்கிளை யார் வாங்கித் தருகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை. திரும்பி வந்தவர் டிவியைப் பார்த்தபடியே, "உன் சைக்கிள் பெல்லு இன்னும் பரண்லதான் கெடக்குது" என்றார்.