1967 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் பின்பக்கம் இறக்க ஒரு பல்லு போதுமா?

ப்ரோ, 67 பீட்டில் பின்பக்கத்த லேசா இறக்க டார்ஷன் பார (முறுக்கத்துல ஸ்பிரிங்கா வேலை செய்யுற கம்பிய) ஒரு பல்லு திருப்பினா போதுமான்னு கேட்டிருந்தீங்க, அது லேசா இருக்காது, ரொம்பவே இறங்கிடும். பார்ல உள்பக்கம் 40 பல்லு, வெளிப்பக்கம் 44, அதனால உள்ள ஒரு பல்லுன்னா 9 டிகிரி, வெளிய 8 டிகிரி சொச்சம், ரெண்டையும் எதிரெதிரா ஒவ்வொண்ணு திருப்புனா ஒரு டிகிரிக்கும் கம்மியாதான் நகரும், அஞ்சஞ்சு போனா 4 டிகிரி சொச்சம், எவ்ளோ அருமையான டிசைன் பாருங்க! கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க ஸ்பிரிங் பிளேட் (பார் வெளிமுனைய ஆக்ஸிலோட இணைக்கிற தகடு) கோணத்தயும் அளந்து எழுதி வச்சிக்கங்க. ஜாக்கும் செயினும் போடாம பிளேட்ட விடுவிக்காதீங்க ப்ளீஸ், பயங்கர வேகத்துல அடிக்கும். சக்கரத்தோட சேந்து ஆக்ஸிலும் மேல கீழ ஆடுற ஸ்விங் ஆக்ஸில்ங்கறதால ரொம்ப இறக்குனா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாஞ்சு டயர் உள்விளிம்பு தேஞ்சிடும். சிங்கப்பூர் எச்டிபி (அரசு அடுக்குமாடி வீடுகள்) மல்ட்டி ஸ்டோரி கார்பார்க் ஹம்ப்ல அடிப்பக்கம் தட்டாத அளவுக்கு இடம் விடுங்க, எல்டிஏ (தரைவழிப் போக்குவரத்து ஆணையம்) விதியயும் முன்னாடியே பாத்துடுங்க.