வாசகர் கேள்வி-பதில்: 'நாய்கள்' படித்த பள்ளிக்கூடம்

கே: மரியோ வர்காஸ் யோசாவின் 'நகரமும் நாய்களும்' நாவல் படமாகவும் வந்திருக்கிறதாமே. முதலில் படிப்பதா, பார்ப்பதா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

ப: படித்துவிடுங்கள். படம் சோடை போகவில்லை, 1985-ல் சான் செபாஸ்டியன் விழாவில் பிரான்சிஸ்கோ லொம்பார்திக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கிக் கொடுத்த படம். ஆனால் யார் பேசுகிறார்கள் என்றே தெரியாமல் தடுமாறிப் படிப்பதில்தான் இந்த நாவலின் பாதி ருசி இருக்கிறது, படத்தை முதலில் பார்த்தால் அந்த முகங்கள் வந்து மறைக்கும்.

கதை நடப்பது பெரு நாட்டில், லிமாவை ஒட்டிய கயாவோவில் இருக்கும் லியோன்சியோ பிராதோ ராணுவப் பள்ளியில். புதிதாகச் சேருகிற பையனுக்கு அங்கே பெயர் 'நாய்'. அரானா என்ற சாதுப் பையன் வந்த அன்றே சீனியர்கள் பிடித்து இழுத்துப் போய், நீ மனிதனா நாயா என்று கேட்கிறார்கள். நாய் என்கிறான். நாய் என்றால் எதற்கு நிற்கிறாய், நாலு காலில் நட என்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு புதுப் பையனும் அப்படியே மண்டியிட்டுக் கிடக்கிறான், இரண்டு நாய்கள் சந்தித்தால் என்ன செய்யும் என்று அடுத்த கேள்வி. கடித்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஞானஸ்நானம்! அன்றைக்கு எதிர்த்து அடித்த ஒரே பையன் ஜாகுவார். சீனியர்களிடமிருந்து காப்பாற்றிக்கொள்ள ஒரு கூட்டம் சேர்க்கிறான், அதே கூட்டம் கொஞ்ச நாளில் சொந்த வகுப்புப் பையன்களையே மிரட்டி வாழ ஆரம்பிக்கிறது. அரானாவுக்கு 'அடிமை' என்ற பெயர் விழுந்ததும் வகுப்புத் தோழர்களால்தான்.

கே: நாவல், படம் இரண்டும் முடித்துவிட்டேன். நாவலின் கடைசியில் கிடைத்த அதிர்ச்சி படத்தில் கிடைக்கவில்லையே, ஏன்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போய்விடுங்கள்.) நாவல் நெடுக ஒரு குரல் வருகிறது. ஏழைப் பையன், பக்கத்து வீட்டுத் தெரேசாவுக்காக உருகுகிறவன், வழிதவறித் திருடவும் போகிறவன். பெயர் சொல்லாமலே நம்மோடு பேசிக்கொண்டிருக்கிறான், நமக்கும் அவன்மேல் பாசம் வந்துவிடுகிறது. அவன்தான் ஜாகுவார் என்று கடைசியில் தெரியும்போது, இத்தனை பக்கமாக யாரைப் பார்த்து முகம் சுளித்தோமோ அவனுக்காகத்தான் இரக்கப்பட்டிருக்கிறோம் என்று புரிகிறது. காகிதத்தில் முகத்தை மறைக்கலாம், கேமரா முன்னால் எப்படி மறைப்பது? வாயைத் திறந்தாலே குரல் காட்டிக் கொடுத்துவிடும்.

லொம்பார்தி அந்த வித்தைக்கே ஆசைப்படவில்லை. திரைக்கதை எழுதிய ஹோசே வத்தனாபே பெருவின் முக்கியமான கவிஞர். அப்படிப்பட்டவர், கவித்துவமாக எதையாவது செய்கிறேன் என்று கிளம்பாமல் கதையை நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போகிறார். வேதியியல் வினாத்தாள் திருட்டு, சனி ஞாயிறு வெளியே விடாமல் அடைத்துப் போட்டதில் வெந்துபோய் அரானா திருடியவனைக் காட்டிக் கொடுப்பது, களப்பயிற்சியில் அவன் தலையில் குண்டு பாய்வது, அப்புறம் அரானாவின் நண்பன் ஆல்பெர்த்தோ போய், சுட்டது ஜாகுவார்தான் என்று புகார் சொல்வது என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. இதில் ஜாகுவார் நஷ்டப்பட்டுவிட்டான், அதை மறுக்க மாட்டேன். படத்தில் அவன் முறைத்துக்கொண்டு திரியும் முரடன், அவ்வளவுதான்.

லாபம் லெப்டினன்ட் கம்போவாவுக்கு. குஸ்தாவோ புவேனோ நடித்திருக்கிறார், படமே அவர் தோளில்தான் நிற்கிறது. விதிமுறைப் புத்தகத்தை வேதமாக நம்புகிற அதிகாரி, அந்தப் புத்தகப்படியே ஒரு பையனின் சாவை விசாரிக்கச் சொல்லும்போது மேலதிகாரிகள் எல்லோரும் நெளிகிறார்கள். பையன் தன் துப்பாக்கியாலேயே தவறிச் சுட்டுக்கொண்டான் என்று ஏற்கெனவே எழுதி மூடியாகிவிட்டதே! கர்னல், ஆல்பெர்த்தோ காசுக்கும் சிகரெட்டுக்கும் எழுதி விற்ற ஆபாசக் கதைகளை மேஜைமேல் எடுத்து வைக்கிறார், புகார் வாபஸ். கம்போவாவுக்கு மலைமேல் குளிரில் கிடக்கும் ஹூலியாகாவுக்கு மாற்றல். பையன்கள் செய்ததைவிட இந்த அதிகாரிகள் பதமாகப் பேசிக் காரியத்தை முடிப்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கதையின் பாரத்தை இந்தப் பக்கம் சாய்த்ததில் லொம்பார்தி கெட்டிக்காரர்.

ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். பையன்களாக வருகிறவர்கள் யாரும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரியே இல்லை, ஒவ்வொருவரும் கல்யாண வயதில் இருக்கிறார்கள். நாவலில் பதினைந்து பதினாறு வயதில் இதெல்லாம் நடப்பதுதானே வயிற்றைப் பிசைவது.

கே: யோசா அந்தப் பள்ளியில் படித்தவரா?
- ஒரு வாசகர், மதுரை

ப: 1950, 51 இரண்டு வருடம். கவிதை எழுதிக் கெட்டுப்போகிறானே என்று அப்பா கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே போய் சகமாணவர்களுக்குக் காதல் கடிதமும் காமக் கதையும் எழுதிக் கொடுத்து நன்றாகப் பழகிக்கொண்டார், அப்பா நினைத்தது ஒன்று நடந்தது ஒன்று. 1963-ல் பார்சிலோனாவில் நாவல் வெளிவந்ததும் பள்ளி வளாகத்தில் பிரதிகளைக் கொளுத்தினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார், அந்த நெருப்பு உண்மையா என்று பிற்பாடு சந்தேகப்பட்டவர்களும் உண்டு.

கே: வேறு யாராவது எடுத்திருக்கிறார்களா?
- அதே வாசகர்

ப: அடுத்த வருடமே, 1986-ல், சோவியத் யூனியனில் 'ஜாகுவார்' என்று. இயக்கியவர் செபாஸ்தியான் அலார்கோன், சிலி நாட்டுக்காரர். பினோசேயின் ராணுவம் பிடித்துக்கொண்ட நாட்டிலிருந்து வந்தவருக்கு இந்தக் கதை ஏன் பிடித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கே: இதுவும் நம் கல்லூரி ராகிங்கும் ஒன்றுதானே?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

ப: செய்கிறவன் புத்தி ஒன்றுதான், சூழ்நிலை வேறு. தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங்குக்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது, அதனால் செய்கிறவன் கொஞ்சமாவது ஒளிந்து செய்ய வேண்டியிருக்கிறது. இந்தக் கதையில் ஒளிவதற்கு அவசியமே இல்லை. பெண்களிடம் வளர்ந்து மென்மையாகிவிட்டான், ஆம்பளையாக்கி அனுப்புங்கள் என்று அரானாவைக் கொண்டுவந்து விட்டதே அவன் அப்பாதான். அதிகாரிகளுக்கும் இரவில் படுக்கைக் கூடத்தில் நடப்பது அரைகுறையாகத் தெரியும், காலையில் வரிசை நேராக நின்றால் போதும் அவர்களுக்கு. நேர்மையான கம்போவாகூட, பிணம் விழும்வரை எதையும் தோண்டிப் பார்த்தவர் இல்லை. படம் அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே கதாநாயகன் ஆக்கிவிட்டது, நாவலில் அந்தச் சலுகை இல்லை.